அரைமணி கழித்து

சட்டைப் பையில் ஒரு பேனா வைத்திருப்பவனை நம்பலாம். இரண்டு வைத்திருப்பவனையும் நம்பலாம். மூன்று வைத்திருப்பவனிடம் கொஞ்சம் எட்ட நிற்பது உடம்புக்கு நல்லது. நான் மூன்று வைத்திருப்பவன். கறுப்பு, நேரம் எழுத. நீலம், நடந்ததை எழுத. சிவப்பு, என் தவறுகளைத் திருத்த. சிவப்புப் பேனா வாங்கி ஆறு வருடமாகியும் மூடியைத் திறக்கவே அவசியம் வரவில்லை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். (இப்போது சொல்வதில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.)

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. பகலெல்லாம் தோட்டத்துக்காக எழுதுவேன். வீட்டுக்கு வந்ததும் எனக்காக எழுதுவேன். மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு விட்டது, பக்கத்து லயத்து வரிசை வீட்டு நாய் எப்போது குரைத்தது, ஏன் குரைத்திருக்கலாம் என்பது வரை டைரியில் இருக்கும். என் தங்கை பார்வதி, "அண்ணன் டைரியில என் கல்யாண நாளைப் பாரு, 'காலை மூடுபனி, பிற்பகல் தெளிவு'ன்னு மட்டும்தான் இருக்கும்" என்பாள். அது அநியாயம். சாம்பாரில் உப்பு கூடியதையும் எழுதியிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்களுக்கு இரண்டு மணி உண்டு: டவுன் மணி, தோட்ட மணி. எந்தக் காலத்துத் துரையோ, ஆட்கள் பேர் கூப்பிடும் காலைப் பிரட்டுக்கு நேரத்தோடு வந்து வரிசையில் நிற்கட்டும் என்று ஆபீஸ் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளி வைத்துவிட்டுப் போனார். துரை போய்ச் சேர்ந்தார். கடிகாரம் திரும்பி வரவில்லை. இன்றைக்கும் பிரிஞ்சாங் டவுனில் ஆறரை என்றால் எங்கள் தோட்டத்தில் ஏழு. கைப்பேசி வந்த பிறகும் பழைய ஆட்கள் கைக்கடிகாரத்தில் தோட்ட மணியைத்தான் வைத்திருக்கிறார்கள். அதனால் யார் நேரம் சொன்னாலும் "எந்த மணி?" என்று கேட்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரிந்த பழக்கம். நான் கேட்காமல் விட்டது என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு வரைபடப் பைத்தியம் பிடித்தது. கைப்பேசியில் வழி காட்டும் வரைபடங்களில் ஒன்றை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று தெரிந்ததும் நான் சாப்பாட்டை மறந்தேன். கோயிலைப் போட்டேன், கொழுந்து நிறுக்கும் கொட்டகையைப் போட்டேன். பிறகு ஒருநாள், கோலா தெர்லாவிலிருந்து பிரிஞ்சாங் போகும் சாலையில் உள்ள தமிழ்ப்பள்ளியின் முன்னால் வேக வரம்பு நாள் முழுக்க ஐம்பது என்று இருப்பதைப் பார்த்தேன். பள்ளி தொடங்கும்போதும் விடும்போதும் அங்கே முப்பதுதான். அந்த நேரங்களில் வரைபடம் பொய் சொல்கிறது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையிலேயே டைரி, குடை, மூன்று பேனாவுடன் பள்ளி முன்னால் போய் நின்றேன். முப்பது என்ற வட்டப் பலகை இருந்தது. அதன் கீழே நேரம் எழுதிய சின்னப் பலகையும் இருந்தது. ஆனால் நேரத்தின் மேல், கழிவுத்தொட்டி சுத்தம் செய்யும் லாரிக்காரன் தன் விளம்பரத்தை ஒட்டியிருந்தான். சுரண்டினால் தெரிந்துவிடும். ஆனால் அது அரசாங்கப் பலகை. அரசாங்கப் பலகையைச் சுரண்டுவது குற்றமா இல்லையா என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. எனவே சுரண்டவில்லை. (கழிவு லாரிக்காரனுக்கு இல்லாத அச்சம் எனக்கு இருந்தது.)

பள்ளி வாசலில் ஜாகா முனியாண்டி நின்றிருந்தார். காவல் வேலைக்கு வருமுன் எங்கள் தேயிலைப் பேக்டரியில் இருந்தவர்.

"என்னா கிராணி, காலங்காத்தால இங்க?"

"மேப்புல போடணும் அண்ணே. இந்த முப்பது எத்தனை மணியிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும்?"

"காலையில ஆறரையிலேர்ந்து ஏழரை. மத்தியானம் பன்னெண்டரையிலேர்ந்து ஒன்றரை."

எழுதிக்கொண்டேன். எழுதும்போது அவர் கைக்கடிகாரம் கண்ணில் பட்டது. ஏழு பத்து. என் கைப்பேசியில் ஆறு நாற்பது. ஆகா, மனுஷன் கையில் தோட்ட மணி. அப்படியானால் அவர் சொன்னதும் தோட்ட மணிதான். சாதாரண ஆள் இதைக் கவனித்திருக்க மாட்டான், நான் கவனித்தேன் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டு, அங்கேயே அரைமணி கழித்தேன். ஆறிலிருந்து ஏழு. பன்னிரண்டிலிருந்து ஒன்று.

சரிபார்க்கவும் செய்தேன். டைரியில் இருக்கிறது: "6.40 முதல் 6.52 வரை, சாலையைக் கடந்த மாணவர் பதினான்கு, நாய் இரண்டு." ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் பிள்ளைகள் கடக்கிறார்கள், கணக்கு பொருந்துகிறது. ஏழு மணிக்குப் பிறகும் நின்று பார்த்திருப்பேன். ஆனால் 6.52க்குத் தலைமை ஆசிரியை வெளியே வந்து, குடைக்குள் நின்று பிள்ளைகளை எண்ணுகிற நீங்கள் யார் என்று கேட்டார். விளக்கம் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. நான் கிளம்பிவிட்டேன்.

குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் பொருந்தும் வரம்பை வரைபடத்தில் எழுதுவது லேசான காரியமில்லை. முப்பது, எந்த நேரங்களில், எந்தக் கிழமைகளில், விடுமுறை என்றால் என்ன என்று ஒரே வரியில், அதற்கென்று உள்ள இலக்கணப்படி எழுத வேண்டும். காற்புள்ளி போட வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி போட்டால் காலை நேரமே செல்லாமல் போய்விடும். இரண்டு நாள் படித்தேன். ஒரு புள்ளி பிசகாமல் எழுதினேன். எங்கோ வெளிநாட்டில் இருக்கும் ஒரு வரைபடக்காரர் பார்த்துவிட்டு, "மிகச் சுத்தமான பதிவு" என்று பாராட்டி எழுதினார். அதை அச்செடுத்து டைரியில் ஒட்டினேன்.

இனி ராஜூ. பார்வதியின் கணவன். கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் ஏற்றிப் பிரிஞ்சாங்குக்குக் கொண்டுவரும் லாரி டிரைவர். பத்தொன்பது வருடமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டுகிறவன். வருடப் பிறப்புக்கு அவன் கம்பெனியில் எல்லா லாரியிலும் ஒரு பெட்டி மாட்டினார்கள். வரைபடத்தில் உள்ள வரம்பை லாரி தாண்டினால் அது மலாயில் ஒரு பெண் குரலில் கத்தும், தவுக்கே என்கிற முதலாளிக்கும் சொல்லிவிடும். தொடர்ந்து தாண்டினால் சிவப்புக் கடிதம். மூன்று கடிதம் வந்தால் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி கெலிண்டானாக, அதாவது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மூட்டை இறக்குகிறவனாகப் போக வேண்டும்.

இரண்டே வாரத்தில் ராஜூவுக்கு இரண்டு கடிதம் வந்தது. பார்வதி என்னை வரச் சொன்னாள்.

"ஸ்கூல் முன்னாடிதான் மச்சான்," என்றான் ராஜூ. "நான் போறப்ப அங்க காக்காகூட இல்ல. அந்தப் பொம்பள மட்டும் 'ஸோன் செகோலா, ஸோன் செகோலா'ன்னு உயிரை வாங்குறா."

"எத்தனை மணிக்குப் போறே? டவுன் மணி சொல்லு."

"ஆறேகால்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் ஆறேகால். "அப்ப பெட்டி சொல்றது சரிதானே," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஸோன் செகோலா, அதாவது பள்ளி வட்டாரம் என்றால் என்ன, பிள்ளைகளின் உயிர் எப்படிப்பட்டது என்று நான் பேசியது இருபது நிமிடம். (டைரியில் இருக்கிறது. "ராஜூவுக்கு அறிவுரை, 20 நி. ஏற்றுக்கொண்டதாகத் தெரிகிறது.") அவன் தேநீரைக் குடித்து முடித்தான்.

"உன்னை அறிவுரை சொல்லக் கூப்பிடலண்ணே," என்றாள் பார்வதி. "நாளைக்குத் தவுக்கே கூப்பிட்டிருக்காரு. பதினொரு மணிக்கு. டவுன் மணி. நீ படிச்ச ஆளு, வந்து நாலு வார்த்தை பேசு."

லிம் தவுக்கே ஆபீஸ் பிரிஞ்சாங் மார்க்கெட்டுக்குப் பின்னால். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் நன்றாக வரும். கணினியை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பாரு கிராணி. நான் சும்மா லெட்டர் குடுக்கல. மேப்புல ஆறு டு ஏழு இருக்கு. ராஜூ டெய்லி ஆறேகாலுக்கு அம்பதுல போறான். நான் என்னா செய்றது லா?"

திரையில் இருந்தது என் வரி. என் காற்புள்ளி. என் அடைப்புக்குறி. வெளியூரில் வளரும் பிள்ளையைத் திடீரென்று பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

"தவுக்கே, இந்தப் பதிவு ரொம்பச் சரியானது," என்றேன்.

பார்வதி என் முழங்கையைக் கிள்ளினாள். நான் நிறுத்தவில்லை.

"எப்படிச் சொல்றேன்னா, இதை எழுதினதே நான்தான்."

ராஜூ மெதுவாக என் பக்கம் திரும்பினான். பத்தொன்பது வருடமாகக் கொண்டை ஊசி வளைவுகளில் லாரி திருப்புகிறவன். அவ்வளவு நிதானமாக அவன் திரும்பி நான் பார்த்ததில்லை.

"நீயா மச்சான்?"

"ஆதாரத்தோட எழுதினது," என்று டைரியைத் திறந்தேன். ஜாகா சொன்னது, கைக்கடிகாரம், அரைமணி கழித்தது, பதினான்கு மாணவர், இரண்டு நாய், எல்லாவற்றையும் வாசித்தேன்.

லிம் தவுக்கே கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "போர்டுல என்னா போட்டிருக்கு?"

"போர்டு மேல ஸ்டிக்கர் இருந்துச்சு."

"ஸ்டிக்கர் எடுக்கலயா?"

"அது அரசாங்கப் பொருள்."

அவர் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார்.

நான்கு பேரும் பள்ளி முன்னால் இறங்கினோம். வாசலில் முனியாண்டி இருந்தார். "அண்ணே, அன்னைக்கு நீங்க சொன்னது தோட்ட மணிதானே?" என்று நான் கேட்டேன். கெஞ்சினேன் என்பதே சரி.

"தோட்ட மணியா? நீ மேப்புக்குன்னு சொன்னியே. மேப்பு டவுன் சாமான். அதான் மனசுக்குள்ளயே அரைமணி கழிச்சு டவுன் மணியாச் சொன்னேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏன், நீயும் கழிச்சியா?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து கர கர என்று சத்தம். பார்வதி வீட்டுச் சாவியால் ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அடியில் இருந்த எழுத்து நேற்று எழுதின மாதிரி பளிச்சென்று இருந்தது. 6.30 – 7.30. 12.30 – 1.30.

"அரசாங்கம் வந்து புடிச்சா என் பேரைச் சொல்லுண்ணே," என்றாள்.

சிரித்திருப்பேன். ஆனால் முனியாண்டி விடவில்லை. "அது கெடக்கட்டும் தவுக்கே. கொஞ்ச நாளா உங்க லாரி ஒண்ணு ஏழேகாலுக்கு இங்க பறக்குது. புள்ளைங்க பாதி ரோட்டுல நிக்குதுங்க. விசில் ஊதி ஊதி என் வாயே வீங்கிப்போச்சு."

அது ராஜூவின் லாரி இல்லை. ஏழு மணி ஆனதும் பெட்டி வாயை மூடிக்கொள்ள, அதை நம்பி வேறொரு டிரைவர் ஐம்பதில் போயிருக்கிறான். பள்ளியில் ஒரு பிள்ளைகூட இல்லாத நேரத்தில் ராஜூவைக் கத்தவைத்து, பிள்ளைகள் கூட்டமாகக் கடக்கும் நேரத்தில் பெட்டியைச் சும்மா இருக்கவைத்தது நான்தான். அங்கேயே கைப்பேசியை எடுத்துத் திருத்தினேன். அவசரத்தில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி விழுந்தது. அதை அழித்து மறுபடி போட்டேன். மற்ற நான்கு பேரும் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனிப் பெட்டிகளில் புதுக் கணக்கு ஏறும்வரை எல்லா டிரைவருக்கும் தானே போன் போட்டுச் சொல்வதாகத் தவுக்கே சொன்னார்.

பிறகு ராஜூவின் இரண்டு கடிதங்களையும் கிழித்தார். சட்டைப் பையிலிருந்து மூன்றாவதை எடுத்தார். எழுதித் தயாராகவே வைத்திருந்திருக்கிறார். ராஜூவின் பெயரை அடித்துவிட்டு, "கிராணி, பேனா இருக்கா?" என்று கேட்டார். பார்க்காமல் சிவப்பைக் கொடுத்துவிட்டேன். ஆறு வருடமாகத் திறக்காத பேனா முதல் இழுப்பிலேயே எழுதியது. என் பெயர்.

"சண்டே ஒரு நாளு நீ கெலிண்டான்," என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். ராஜூ விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் இறக்கிய முட்டைக்கோஸ் மூட்டை நாற்பத்தொன்று. வழியெல்லாம் பள்ளி வட்டாரம் என்றால் என்ன என்று ராஜூ எனக்கு விளக்கினான். கறுப்புப் பேனாவில் குறித்திருக்கிறேன்: இருபது நிமிடம்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எனக்கு யாரும் நேரம் மட்டும் சொல்வதில்லை. இந்த வருடம் பார்வதியின் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் முகூர்த்தம் காலை 9.00 – 10.30 என்று போட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி அச்சடித்திருந்தார்கள்: "டவுன் மணி. மாமா கழிக்க வேண்டாம்." நாடெங்கும் உள்ள சொந்தங்களுக்கு அப்படியே போயிருக்கிறது. ஈப்போவிலிருந்து ஒருவர் போன் செய்து, மாமா எதைக் கழிக்கக் கூடாது என்று கேட்டார்.

நான் தாய்மாமன், முன்கூட்டியே போக வேண்டும். எத்தனை மணிக்கு வரட்டும் என்று பார்வதியைக் கேட்டேன்.

"எட்டு மணிக்கு வந்துருண்ணே," என்றாள். பின்னால் யாரோ ஏதோ சொன்னார்கள். "இல்லண்ணே, மண்டபத்துல சாவி லேட்டாத்தான் குடுப்பாங்களாம். அரைமணி கழிச்சே வா."

போனை வைத்துவிட்டாள். நான் டைரியைத் திறந்து, கறுப்புப் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எட்டில் அரைமணி கழித்தால் ஏழரை.

ஏழரைக்கு மண்டபம் பூட்டியிருந்தது. பட்டு வேட்டியில் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலி ஏற்றிக்கொண்டு லாரியில் வந்த ராஜூ, என்னைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தான். கண்ணாடியை இறக்கினான். அந்தப் பெட்டிக்காரியின் குரலில், ரொம்ப மரியாதையாக, "ஸோன் செகோலா" என்று மட்டும் சொல்லிவிட்டு, முப்பதுக்கும் கீழே என்னைக் கடந்து போனான்.