ஆல்ப்ஸுக்குப் போற சைக்கிளுக்குப் பூஜை

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. சைக்கிள்ல ஒரு இறக்கத்துல இறங்கணும். அதை என் வீட்டுக்காரி சுதா போன்ல வீடியோ எடுப்பா. சாயங்காலத்துக்குள்ள ஆஸ்திரியாவுக்கு அனுப்பணும். அவ்வளவுதான்.

எதுக்குன்னு சொல்றேன்.

ஐதராபாத் கச்சிபௌலியில எங்க ஆபீஸ் கேன்டீன்ல, வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்டு நாங்க அஞ்சு பேரும் மந்தமா உக்காந்திருந்த ஒரு மத்தியானம். கூட வேலை பார்க்கிற நரேஷ் ஒரு வீடியோ காட்டினான். ஆல்ப்ஸ் மலை. பச்சைப்பசேல்னு புல்லு, கழுத்துல மணி கட்டின மாடு, நடுவுல ஒருத்தன் சைக்கிள்ல ஜிவ்வுனு இறங்கறான். எங்கள்ல யாருக்கும் ரெண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். ஆனா இறங்கறதுக்கு எதுக்கு மூச்சுன்னு தோணிச்சு. போலாமான்னு நரேஷ் கேட்டான். முதல்ல கையைத் தூக்கினது நான்தான்.

அதுக்கப்புறம் நான் நானா இல்ல. நாங்க குடியிருக்கற மல்காஜ்கிரி காலனில பால்காரர்லேர்ந்து இஸ்திரிக்காரர் வரைக்கும் ஆல்ப்ஸ் பத்தி வகுப்பு எடுத்தேன். லிஃப்ட்ல ஏறினவங்க ரெண்டு மாடி முன்னாடியே இறங்கிப் போனாங்க.

அந்த ஊர்ல எங்களைக் கூட்டிட்டுப் போகப்போற வழிகாட்டி பேரு லூக்காஸ். அவர் மூணு கோஷ்டி வெச்சிருக்கார். முதல் கோஷ்டி ஆத்தங்கரையோரமா, சமதரையில, கூடை வெச்ச சைக்கிள்ல போய் கேக் சாப்பிடும். ரெண்டாவது காட்டுப்பாதையில இறங்கும். மூணாவது பாறையிலேர்ந்து குதிக்கும். யாரு எந்த கோஷ்டின்னு, சைக்கிள்ல இறங்கற வீடியோவைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவார். நரேஷும் மத்த மூணு பேரும் வீடியோ அனுப்பி ரெண்டாவதுல சேர்ந்தாச்சு. நான் மட்டும்தான் பாக்கி. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வீடியோ வரலேன்னா ஆத்தங்கரைதான்னு லூக்காஸ் தெளிவா சொல்லிட்டார்.

ஊரெல்லாம் பீத்திக்கிட்ட மனுஷன் கூடை வெச்ச சைக்கிள்ல போட்டோ போட முடியுமா? மானப் பிரச்சனைங்க.

பழகறதுக்குன்னே ஒரு மலை சைக்கிள் வாங்கி வெச்சிருந்தேன். பெரிய டயரு, ரெண்டு சக்கரத்துலயும் பளபளன்னு வட்டமா டிஸ்க் பிரேக்கு. வாங்கினதுலேர்ந்து அதை ஓட்டினதைவிட துடைச்சதுதான் அதிகம்.

ஞாயித்துக்கிழமை காலையில ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு ஹாலுக்கு வந்தேன். மாமியார் வழியை மறிச்சாங்க.

"மாப்ளே, புது வண்டிக்குப் பூஜை போடாம எடுக்கக் கூடாது. அதுவும் வெளிநாடு போற வண்டி."

இந்த வண்டி எங்கயும் போகல அத்தை, அங்க வாடகைக்கு வேற சைக்கிள் தருவாங்கன்னு சொல்லிப் பார்த்தேன். பழகறது இதுலதானே, அப்ப இதுக்குத்தான் பூஜைன்னுட்டாங்க. அத்தை பேச்சுல ஒரு ஓட்டை கண்டுபிடிக்க என்னால இதுவரைக்கும் முடிஞ்சதில்ல. நீங்க போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்கன்னாங்க, போனேன்.

திரும்பி வந்தா என் சைக்கிள் கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்குது. ஹேண்டில்ல சாமந்தி மாலை. சீட்ல விபூதிப் பட்டை. கம்பிக்குக் கம்பி சந்தனம், குங்குமம். என் ஹெல்மெட்டையும் வாங்கி அதுக்கும் நடுநெத்தியில ஒரு பொட்டு. கற்பூரம் காட்டி, டயருக்கடியில எலுமிச்சம்பழம் வெச்சு, உருட்டிக்கிட்டே போங்கன்னாங்க. உருட்டினேன். பழம் நசுங்கிச்சு. அத்தைக்குப் பரம திருப்தி. சத்தியமா சொல்றேன், எனக்கும் உள்ளுக்குள்ள ஜில்லுன்னு சந்தோஷமா இருந்துச்சு.

எங்க காலனிக்குப் பின்னாடி ஒரு பாறைக்குன்று இருக்கு. மேல அம்மன் கோயில், அங்கேர்ந்து கீழ வரைக்கும் நேரா ஒரு சிமென்ட் ரோடு. ஐதராபாத்ல எனக்குக் கிடைச்ச ஆல்ப்ஸ் அதுதான். மேல வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கிட்டே போனேன். மிதிச்சு ஏற முடியுமான்னு யோசிக்கக்கூட இல்ல. சுதா பாதி வழியில போனோட நின்னா.

"மெதுவா வாங்க. பிரேக்கைப் பிடிச்சுப் பிடிச்சு வாங்க. அவருக்கு அதுதானே தெரியணும்?"ன்னா.

எனக்குத் தெரியாதா? நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

கிளம்பினேன். முதல் பத்தடி அருமை. காத்து முகத்துல படுது, மாலை ஆடுது, எனக்கு அப்படியே சிரிப்பா வருது. இங்க கொஞ்சம் பிரேக்கைப் பிடிச்சு ஸ்டைலா காட்டுவோம்னு ரெண்டு கையாலயும் அமுக்கினேன்.

ஒண்ணும் ஆகல.

இன்னும் அழுத்தி அமுக்கினேன். வண்டி நின்னபாடில்ல, வேகம்தான் ஏறிச்சு.

சுதாவைத் தாண்டும்போது அவ ஏதோ சொன்னா, காதுல விழல. எதிர்ல கோயிலுக்கு வர்ற ரெண்டு பொம்பளைங்க, அவங்க பின்னாடி ஒரு ஆடு. "நகருங்க"ன்னு கத்தினேன். யாருக்கும் புரியல. தெலுங்குல "ஜருகண்டி"ன்னேன், பொம்பளைங்க நகர்ந்துட்டாங்க. ஆட்டுக்கு இந்தியில "ஹட்டோ ஹட்டோ"ன்னேன். அதுவும் நகர்ந்துச்சு. அதுக்கப்புறம் எனக்கு எந்த பாஷையும் ஞாபகம் வரல. "அம்மா"ன்னு அடிவயித்துலேர்ந்து ஒரு சத்தம் மட்டும் நிக்காம வந்துக்கிட்டே இருந்துச்சு. செத்தோம்னே நினைச்சேன்.

அடிவாரத்துல ஒரு டென்ட் ஹவுஸ். கல்யாணத்துக்கு ஷாமியானா, நாற்காலி, மெத்தை எல்லாம் வாடகைக்குக் குடுக்கற கடை. முந்தின நாள் மழையில நனைஞ்ச மெத்தைங்களை சலீம் பாய் வெளியில குவிச்சுக் காய வெச்சிருந்தார். நான் நேரா அதுக்குள்ள போய்ப் புதைஞ்சேன்.

கண்ணைத் திறந்தா சலீம் பாய் மேலேர்ந்து பார்க்கறார். கையில டீ கிளாஸ். ஒரு சொட்டு சிந்தல.

"கைக்கு பாயி, இத்தா ஜல்தி?"ன்னார். அதாவது, எதுக்கு இவ்வளவு அவசரம்னு கேக்கறார். அப்புறம், அடிபடலேன்னா கொஞ்சம் எந்திரிங்க, மெத்தை காயணும்னு மரியாதையா சொன்னார்.

உடம்புல ஒரு கீறல் இல்ல. சைக்கிளுக்கும் ஒண்ணும் ஆகல. பிரேக்குக்கு என்ன கேடுன்னு குனிஞ்சு பார்த்தேன். அந்தப் பளபள வட்டம் பூரா சிவப்பா, மினுமினுன்னு ஏதோ ஈஷிக்கிட்டு இருக்கு. தொட்டு மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய் வாசனை.

வீட்டுக்கு வந்து அத்தைகிட்ட கேட்டேன். கொஞ்சம்கூட அசரல.

"ஆமா மாப்ளே. அந்த இரும்புல குங்குமம் நிக்கவே மாட்டேங்குது. அதான் துளி எண்ணெய் தொட்டு வெச்சேன். பீரோவுக்கெல்லாம் அப்படித்தானே வெப்போம்?"

பிரேக்ல எண்ணெய் பட்டா பிடிக்காது அத்தைன்னு பொறுமையா விளக்கினேன். முழுசாக் கேட்டுக்கிட்டாங்க. அப்புறம், அவ்வளவு வேகமா வந்து விழுந்தும் ஒரு கீறல் இல்லையே, பூஜை போடலேன்னா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்கன்னாங்க. நான் யோசிச்சுப் பார்த்தேன். இதுலயும் ஓட்டை கிடைக்கல.

திரும்ப எடுக்கலாம்னா பிரேக் இல்ல. ஞாயித்துக்கிழமை, சைக்கிள் கடை பூட்டு. சாயங்காலம் வேற ஆயிட்டே இருக்கு. சுதா அந்த வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்து, கண்ணுல தண்ணி வர சிரிச்சா. பரவால்ல, இருக்கறதை அனுப்பு, ஆத்தங்கரைன்னு விதி இருந்தா அதுதான்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன். ஆனா மனசு கேக்கல. நாலு பேரும் காட்டுக்குள்ள இறங்கிப் போக, நான் மட்டும் ஆத்தோரமா மணி அடிச்சுக்கிட்டுப் போறது கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. நிஜமாவே அழுகை வந்துச்சு.

சுதா வீடியோவை மெத்தைக்கு முன்னாடியே வெட்டி அனுப்பிட்டா. அரை மணி நேரத்துல பதில் வந்துச்சு. அவதான் சத்தமாப் படிச்சா.

"இத்தனை வருஷத்துல, இப்படி ஒரு சரிவுல பிரேக்கே பிடிக்காம இறங்கின ஒருத்தரை நான் பார்த்ததில்ல. உங்களுக்கு ரெண்டாவது கோஷ்டி அவமானம். மூணாவதுல சேர்த்தாச்சு."

இறங்கும்போது எழுப்பின அந்த வீர முழக்கம் உங்க ஊர் வழக்கமான்னு வேற கேட்டிருந்தார்.

எந்திரிச்சு உக்காந்தேன். பாறையிலேர்ந்து குதிக்கற கோஷ்டி! உண்மையைச் சொல்லிடலாம்னு போனை வாங்கறதுக்குள்ள அத்தை வெளியில போயாச்சு. மாப்ளைக்குப் பெரிய க்ளாஸ்ல இடம் கிடைச்சிடுச்சுன்னு பக்கத்து வீட்டுல சொல்ற சத்தம் உள்ள வரைக்கும் கேக்குது. நரேஷ் எங்க குரூப்ல கைதட்டற பொம்மையா அனுப்பித் தள்ளறான். இனிமே எப்படிங்க சொல்றது?

சரி, பதமா எழுதுவோம்னு டைப் பண்ண ஆரம்பிச்சேன். அதுக்குள்ள லூக்காஸ் இன்னொரு மெசேஜ் போட்டார். முதல் பாறையில என்னைத்தான் முதல்ல குதிக்கச் சொல்லப்போறாராம், மத்தவங்க பார்த்துக் கத்துக்கட்டும்னு.

இப்ப தினமும் காலையில ஒரு மணி நேரம், சமதரையில, பிரேக் பிடிக்கப் பழகிக்கிட்டு இருக்கேன்.