வராத தேதியில் வழித்த தொட்டி

அன்புள்ள மச்சானுக்கு,

எழுத்து ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாகப் போவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். கோடு போட்ட தாள்தான். கைதான் கோட்டை மதிக்க மாட்டேன் என்கிறது. இந்தக் கடிதத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஆனாலும் அறுபத்தொன்பது வயதில் எழுதக் கற்று உங்களுக்கு நானே எழுதுகிறேன் என்று நினைத்தால் சிரிப்பு அடங்கவில்லை. இங்கே எல்லோரும் நலம், என் இடுப்பைத் தவிர.

இடுப்புக்குக் காரணம், மகளின் உணவகத்தில் பாத்திரம் கழுவும் சிங்க்குக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி. கழுவிய தண்ணீர் அதற்குள் போனால் எண்ணெய் மிதந்து தங்கிவிடும், தண்ணீர் மட்டும் சாக்கடைக்குப் போகும். எண்ணெய் கால் பங்குக்கு மேல் ஏறக் கூடாது, தினமும் வழித்தெடுக்க வேண்டும், வழித்ததைத் தேதி போட்டு நோட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது நகராட்சி விதி. வழிப்பவன் நான். மூடியைத் தூக்கினால் வரும் நாற்றத்துக்கு மாப்பிள்ளை தெருமுனைக்கே போய்விடுவார்.

நான் எழுதக் கற்றதும் மகள் நோட்டையும் என்னிடமே தந்துவிட்டாள். ஒரு வரிக்கு எனக்கு அரை மணி நேரம். வழித்த கையோடு எழுத உட்கார்ந்தால் பாத்திரம் குவிந்துவிடுகிறது. அதனால் கடை விடுமுறையன்று நிதானமாக உட்கார்ந்து, மாதக் கடைசி வரைக்கும் எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்தேன். எப்படியும் வழிக்கத்தானே போகிறேன்?

பன்னிரண்டாம் தேதி அதிகாரி வந்தார். தொட்டிக்குள் குச்சி விட்டுப் பார்த்தார், பளிச்சென்று இருந்தது. பிறகு நோட்டைப் பிரித்தார்.

“பெரியவரே, இன்னைக்கு என்ன தேதி?”

“பன்னெண்டு சார்.”

“இருபத்தாறாம் தேதி வழிச்சாச்சுன்னு இருக்கே?”

“வழிச்சிடுவேன் சார். விட மாட்டேன்.”

“இருபத்தேழாம் தேதி மூடி இறுகிப்போச்சு, தட்டித் திறந்தேன்னு வேற எழுதியிருக்கீங்க!”

“அது அப்பப்ப இறுகிக்கும் சார். நம்ம கையிலயா இருக்கு?”

மகள் தலையில் கைவைத்து மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். தொட்டி சுத்தம், நோட்டுதான் பொய் என்றார் அதிகாரி. புது நோட்டு போட்டு அன்றன்றைக்கு எழுத வேண்டுமாம். ஏழு நாள் கழித்து வந்து பார்க்கும்போது ஒரு தேதி பிசகினாலும் சமையலறைக்குப் பூட்டாம்.

“இனிமே நீங்க பேனாவையே தொட வேணாம்ப்பா” என்றாள் மகள். அதைக் கேட்ட வருத்தத்தில் எனக்கு இடுப்பு வலிகூட மறந்துவிட்டது.

“அவரே எழுதட்டும்மா. இந்த மாதிரிக் கையெழுத்தை வேற யாரும் போட முடியாது” என்றார் அதிகாரி. பாராட்டா என்று தெரியவில்லை; பாராட்டாகவே வைத்துக்கொண்டேன்.

இப்போது ஒரு நாளைக்கு ஒரே வரி. அதற்கும் முன்னால் மூன்று பேரிடம் தேதி கேட்கிறேன். மூன்று பேரும் சலித்துக்கொண்டே சொல்கிறார்கள். மூடியைத் தூக்குவதைவிட இதுதான் களைப்பு. புத்தி வந்துவிட்டது மச்சான். நடக்காததை இனி எழுதவே மாட்டேன்.

தங்கச்சிக்கு என் ஆசி. அவள் பல்வலி எப்படி இருக்கிறது என்று எழுதவும். அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன்.

இப்படிக்கு,
எழுதத் தெரிந்த உங்கள் மச்சான்

பி.கு.: அடுத்த வாரக் கடிதத்தையும் கை ஓய்வாக இருந்தபோது எழுதி இதே உறையில் வைத்திருக்கிறேன். தேதி பார்த்துப் பிரியுங்கள். அதில் உள்ள செய்தி: அதிகாரி வந்தார், நோட்டைப் பார்த்தார், ஒரு குறையும் சொல்லவில்லை. தங்கச்சிக்குப் பல்வலி நின்றுவிட்டதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.