கண்ணை மூடிக் கேட்டவர்கள்

எனக்கும்தான் கேட்டது. அதை யாரிடம் போய்ச் சொல்ல?

சோதனை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து இதையே மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள் அவள். போன வாரம் செவிச்செல்வர் என்பவர் அவளுடைய அண்ணனின் பட்டறைக்கு வந்து, ஆம்ப்ளிஃபயருக்குள் பொருத்தும் ஒரு மாட்யூலின் ஒலியைத் ‘திறந்து’ காட்டியபோது, எல்லோரோடும் சேர்ந்து அவளும் கண்ணை மூடினாள். பாட்டு மலர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதினோரு வருடமாக ஆம்ப்ளிஃபயர்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவளுக்கு! மறுநாள் அளந்து பார்த்தால், திறந்ததும் திறக்காததும் இம்மிகூட மாறாமல் ஒன்றுபோல் இருந்தன.

இன்று பட்டறையில் கால் வைக்க இடமில்லை. வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்கள் பெட்டியும் பையுமாக வந்து குவிந்துவிட்டார்கள். எல்லாம் இந்தப் புது கிளாஸ் டி மாட்யூல் செய்த வேலை. உள்ளங்கை அளவு, சுவர் அதிரும் சக்தி, தொட்டால் சூடே இல்லை. அதுதான் வினை. பழைய ஆம்ப்ளிஃபயரின் மேல் ஈரக் காலுறை காயவைத்துப் பழகியவர்களுக்கு, சுடாத பொருளில் உயிர் இருக்கும் என்று நம்ப மனசு வரவில்லை. அந்தச் சந்தேகத்துக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார் செவிச்செல்வர். பட்டத்தை அவரே சூட்டிக்கொண்டார். பிறருக்கு அந்தச் சிரமம் வைக்கவில்லை.

“எல்லாம் பச்சைப் பிள்ளைங்க. பொறந்திருக்கு, இன்னும் முழிக்கல,” என்று பாட்டு ஓடிக்கொண்டிருந்த மாட்யூல் மேல் ஒரு செப்பு வில்லையை வைத்தார். “கண்ணை மூடுங்க. கண்ணு மூடினாத்தான் காது திறக்கும்.”

மூடினார்கள். கூட்டத்திலிருந்த பல் வைத்தியர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூடினார். இரட்டைப் பாதுகாப்பு.

அவள் மூடவில்லை. ஸ்பீக்கர் ஒயரில் மீட்டரைப் பொருத்தியிருந்தாள். செவிச்செல்வர் முனகினார். ஒரு கை வில்லையின் மேல். இன்னொரு கையின் சுண்டுவிரல் வால்யூம் திருகில், மயிரிழை அளவு. மீட்டர் முள் துள்ளியது.

“ஆகா!” என்றது கூட்டம்.

கொஞ்சம் சத்தம் கூடினால் எந்தப் பாட்டும் மலரத்தான் செய்யும். இதுக்கா நான் கலங்கினேன்? வெட்கம் கோபமாக மாற அரை நிமிடம் ஆகவில்லை.

“ஐயா, இன்னொண்ணு திறங்களேன்,” என்று அடுத்த மாட்யூலை இணைத்து, வால்யூம் திருகின் மேல் ஒட்டுநாடாவை இறுக்கி ஒட்டினாள்.

“அது எதுக்கும்மா?”

“ஆடாம இருக்கட்டும்னுதான்.”

வில்லை வைத்தார். முனகினார். சுருதி மாற்றி முனகினார். சுடாத மாட்யூலுக்கு முன்னால் அவருக்குத்தான் வியர்த்தது.

“ஏதாவது கேக்குதா?” என்றார் பல் வைத்தியர்.

“உங்க மூச்சுதான் கேக்குது,” என்றார் பக்கத்திலிருந்த பேருந்து ஓட்டுநர்.

“நாடா அதிர்வைத் தடுக்குதும்மா!” என்றார் செவிச்செல்வர்.

“எடுத்துடறேங்க. எல்லாரும் கண்ணை மூடுங்க, ஐயாவும்தான்.”

நாடா போன நிம்மதியில் அவரும் வில்லையிலிருந்து கையை எடுத்துக் கும்பிட்டபடி கண்ணை மூடிக்கொண்டு முனகினார். அவள் வில்லையை எடுத்துத் தன் டீ டம்ளரில் போட்டாள். திருகை மயிரிழை திருப்பினாள்.

“திறந்துடுச்சு!” என்று முதலில் கத்தியவர் செவிச்செல்வரேதான்.

“இப்போ நீங்க கண்ணைத் திறங்க.”

மாட்யூல் மேல் ஒன்றுமில்லை. டம்ளருக்குள் வில்லை. திருகின் மேல் அவள் விரல். கண்ணெதிரே அவள் திருகைக் குறைத்தாள், பாட்டு வாடியது, கூட்டினாள், மலர்ந்தது.

“அப்போ நான் மூணு மாட்யூல் திறந்து வாங்கிட்டுப் போனது?” என்றார் பல் வைத்தியர்.

“வீட்டுல வால்யூம் இருக்குல்ல டாக்டர்? திருகுங்க,” என்றார் ஓட்டுநர்.

சிரிப்பு அடங்கியபோது செவிச்செல்வரைக் காணோம். வில்லையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கூட்டம் கலைந்ததும் அண்ணன் ஒரு ஸ்டிக்கர் சுருளோடு வந்தான். ஒவ்வொன்றிலும் ‘திறக்கப்பட்டது’.

“ஸ்பீக்கர் கம்பெனிக்காரன் திறந்த மாட்யூல்தான் வேணும்னு கேட்டு இருநூறு ஆர்டர் குடுத்திருக்கான். இந்த ஒரு தடவை ஒட்டிக் கையெழுத்துப் போட்டுடு தங்கச்சி. இல்லேன்னா ஆர்டர் போயிடும். நல்ல மாட்யூல்தானே?”

“நல்ல மாட்யூல்தான் அண்ணா.”

“அப்புறம் என்ன?”

போன வாரம் யாரும் என் இமையைப் பிடித்து அழுத்தவில்லை. மூடியது நான்தான்.

சோதனைச் சீட்டில் அளந்த எண்களை எழுதினாள். பயன்படுத்தும் முறை என்ற இடத்தில், ‘கேட்கும்போது கண் திறந்திருக்கட்டும், மூளையும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். ஸ்டிக்கர் சுருளை அண்ணன் பக்கமாக மெல்லத் தள்ளி வைத்தாள்.