கிடைக்கக் கூடாத ஆய்வேடு

‘முடிவுகள் இல்லை’ என்று கணினி சொன்னதும் அவளுக்கு உயிர் வந்தது.

ஆராய்ச்சியாளர்கள் சிந்திக்கும் விதம் அவர்கள் தகவல் தேடும் விதத்தை எப்படி மாற்றுகிறது? முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்த தலைப்பு இது. இதை வேறு யாரும் செய்ததில்லை என்று மாலை நான்கு மணிக்குள் உறுதி சொல்ல வேண்டும். செய்திருந்தால் ஆறு மாத உழைப்பு குப்பைக்கூடைக்கு.

“என்ன போட்டுத் தேடினே?” வழிகாட்டி மேடம் எட்டிப் பார்த்தார்.

பதினேழு வார்த்தைகளைச் சேர்த்துப் போட்டிருந்தாள்.

“இத்தனை போட்டா உன் பேருகூடக் கிடைக்காது. கிடைக்கக் கூடாதுன்னே தேடுறியே! சல்லடைகிட்ட குடு.”

சல்லடை, அடுத்த மேசை சீனியர். எதையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சலிப்பவர். அலுத்துப்போய் விட்டுவிடட்டும் என்று அவருக்கு ஒரே வார்த்தையைக் கொடுத்தாள்: தேடல். ஒன்பதாயிரம் முடிவுகள் வந்தன.

சல்லடைக்கு முகம் மலர்ந்துவிட்டது. சாப்பிடக்கூட எழவில்லை. மூன்று மணிக்கு, “சிக்கிருச்சு!” என்றார்.

ஓர் ஆய்வேடு, அவர்கள் நூலகப் பட்டியலிலேயே இருந்தது. கிட்டத்தட்ட அதே தலைப்பு.

“அண்ணா, நான் பெண்களை மட்டும் எடுத்துக்கிறேனே?”

“சுருக்கத்துல போட்டிருக்கும்மா. மூணாவது அத்தியாயம்.”

“அறிவியல் படிச்ச பெண்கள்?”

“நாலாவது.”

“கூச்ச சுபாவம் உள்ளவங்க?”

சல்லடை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “அதுக்குத் தனியா பின்னிணைப்பே இருக்கு.”

ஏதாவது ஒரு மூலையை விட்டுவைத்திருக்க மாட்டார்களா என்று நூலகத்துக்கு ஓடினாள். கடைசி அலமாரி. பட்டியலில் இருந்த எண்ணுக்கு உரிய இடத்தில் விரல் நுழையும் இடைவெளிகூட இல்லை. மேல்தட்டு, கீழ்த்தட்டு, மண்டியிட்டு அலமாரிக்குப் பின்புறம். காலையெல்லாம் கிடைக்கக் கூடாது என்று வேண்டியவள் இப்போது கிடைக்காமல் தவித்தாள்.

மூன்றே முக்கால். ஏதோ எழுதிக்கொண்டிருந்த நூலகர் அக்காவிடம் தலைப்பும் எண்ணும் எழுதிய சீட்டை நீட்டினாள்.

“இப்படி ஒரு ஆய்வேடே கிடையாதும்மா.”

“அப்ப... யாரும் எழுதலையா அக்கா?” அவளுக்கு அக்காவைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

“எழுதிக்கிட்டிருக்கேன். இல்லாத ஒண்ணை யார் எப்படித் தேடுறாங்கன்னு பார்க்க, நான்தான் அதைப் பட்டியல்ல போட்டு வச்சேன். அலமாரிக்குப் பின்னாடி பார்த்த முதல் ஆள் நீதான், என் ஆய்வுல சேர்த்துக்கச் சம்மதம்னு இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ.”