முதல் கியரில் ஒரு யாத்திரை

சின்னவள் குனிந்து ஷூவைத் தொட்டதும் பின்னால் வந்த கார் நின்றது. கண்ணாடி இறங்கியது.

“என்னாச்சு?” என்றார் மேடம்.

“ஒண்ணுமில்ல மேடம். லேஸ்.”

“கால் வலிக்குதா?”

“இல்ல மேடம்.”

“வலிச்சா சொல்லு. ஆனா நிக்காதே. நின்னா தசை இறுகிடும்.”

லேஸ் அவிழவே இல்லை. இடது குதிகாலில் எழும்பியிருந்த கொப்புளம் உடைந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கத்தான் அவள் குனிந்தாள். உடையவில்லை. நிமிர்ந்து நடந்தாள். கார் முதல் கியரில் உறுமிக்கொண்டு பின்னாலேயே வந்தது.

காலை ஆறரை மணி. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் உழுது போட்ட வயல். ஊரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, அந்த மண் சாலையில் அவளும் காரும் மட்டும் இருந்தார்கள். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றார். அவளைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

“கோவிச்சுக்கிட்டு இறங்கிட்டியாம்மா? ஏறிக்கோம்மா. பெரியவங்க பின்னாலேயே வர்றாங்க பாரு.”

“இல்லைங்க...”

“கோபம் வீட்டுக்கு வீடு உள்ளதுதான். வெயில் வர்றதுக்குள்ள ஏறிடு.”

மேடம் ஜன்னலில் தலையை நீட்டினார். “கோபமெல்லாம் இல்லைங்க. எனக்கு ஆபரேஷன் நடந்தப்ப, நான் பிழைச்சா மலைக்கு நடந்தே வரேன்னு வேண்டிக்கிட்ட பொண்ணு. அதுக்குப் பழகுறா.”

சைக்கிள்காரர் சைக்கிளிலிருந்தே இறங்கிவிட்டார். அவள் கடந்து போகும்வரை ஓரமாக நின்றார். சின்னவளுக்கு வாய்க்காலில் இறங்கித் தண்ணீருக்குள் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது.

ஏனென்றால் அவள் வேண்டிக்கொள்ளவே இல்லை.

அவள் வேலை பார்ப்பது ஒரு குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில். அங்கே எல்லாரையும்விட வயதில் சிறியவள், அதனால் சின்னவள். உயரமாக, ஒல்லியாக, எப்போதும் சொட்டுச் சொட்டாக ஏதாவது குத்திப் பேசிக்கொண்டிருக்கும் சீனியருக்கு, அமிலத்தைச் சொட்டு விடும் நீளக் கண்ணாடிக் குழாயின் பெயரில், பியூரெட் அக்கா என்று பெயர். தலைமை வேதியியலாளருக்கு மட்டும் பட்டப்பெயர் வைக்க யாருக்கும் தைரியம் இல்லை. அவர் வெறும் மேடம்.

நான்கு மாதத்துக்கு முன்னால் மேடத்துக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்தது. நான்காம் நாள் எல்லாரும் பார்க்கப் போனார்கள். பியூரெட் அக்கா ஃபிளாஸ்க் நிறைய சூப் கொண்டுவந்திருந்தாள். டைப்பிஸ்ட் ஆப்பிள் வாங்கியிருந்தார். ஸ்டோர்ஸ்காரர், யார் சொன்னார்களோ, ஒரு தலையணையே கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றும் கட்டிலருகே இருந்த மேசைக்குப் போனது. பிறகு எல்லார் கண்ணும் சின்னவளின் கைக்கு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஏதாவது வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தாள்; வாசலில் கடையே இல்லை. கையில் பஸ் டிக்கெட்தான் இருந்தது.

“நான்...” என்றாள். “நான் வேண்டிக்கிட்டேன் மேடம். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா நடந்தே வரேன்னு.”

மேடம் தலையணையிலிருந்து எழும்பினார். “எங்கே?”

அதை அவள் யோசித்திருக்கவில்லை.

“மலைக்கா?” என்று மேடமே கேட்டார்.

அவள் தலையாட்டினாள்.

“முழுத் தூரமுமா? நூத்தி நாப்பது கிலோமீட்டரும்?”

தலை ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் நிறுத்தினால் நன்றாக இருக்காது. மேடம் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதார். ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மேடத்தின் கணவர் பேப்பரைத் தாழ்த்தி அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு உயர்த்திக்கொண்டார்.

ஆபரேஷன் நடந்த அன்று அவள் உண்மையில் என்ன செய்தாள் என்பது அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. மேடம் இல்லாத சந்தோஷத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை பார்த்தாள். மூன்று மணிக்கே வீட்டுக்குக் கிளம்பினாள். கடவுள் ஞாபகம் வரவில்லை. மேடம் ஞாபகமும் வரவில்லை.

மேடம் வேலைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அவளைக் கூப்பிட்டார்.

“எப்ப கிளம்புறே?”

“அவசரம் இல்ல மேடம். தேதி எதுவும் சொல்லி வேண்டிக்கல. எனக்கு நடந்து பழக்கமும் இல்ல. மெதுவா அஞ்சாறு வருஷத்துல...”

“பழக்கம் இல்லைன்னா பழகிக்கணும்.”

மறுநாள் வரைபடத்தாள் ஒன்று அமில அலமாரிக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது. கீழ் அச்சில் வாரம், பக்க அச்சில் கிலோமீட்டர். முதல் வாரம் ஐந்து, பத்தாம் வாரம் இருபத்தைந்து. கோடு மேல்நோக்கி நேராகப் போனது. அந்தக் கூடத்தில் யாருடைய அளவீடும் அவ்வளவு நேராக வந்ததில்லை.

“எனக்காகவும் ரெண்டு அடி சேர்த்து நடடி,” என்றாள் பியூரெட் அக்கா. “நான் பாவம், வெறும் சூப்புதான் கொடுத்தேன். சூப்புக்கு யாரு கிராஃப் போடுறாங்க?”

ஊருக்கு வெளியே தனியாக நடக்க அம்மா விடமாட்டாள் என்று சின்னவள் சொல்லிப் பார்த்தாள். அதன் பலன்தான் கார். மேடத்தின் கணவர் ஓட்டுவார், மேடம் பின் சீட்டில் இருப்பார். அதற்கு முன்பு வழியில் பஸ் ஏறலாம் என்ற நம்பிக்கையாவது இருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

முட்டி வலி என்றாள். மேடம் தன் டாக்டரிடமே அழைத்துப் போனார். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இவ்வளவு நல்ல முட்டியை நான் பார்த்து ரொம்ப நாளாச்சு,” என்றார். மேடம் எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அது வரைபடத்தாளுக்குப் பக்கத்தில் தொங்கியது.

வேலை தேங்குகிறது, கிராமத்துக் கிணற்றுத் தண்ணீர் மாதிரிகளை எடுக்கப் போக நேரமே இல்லை என்றாள்.

“போற வழியிலதானே கிணறெல்லாம் இருக்கு? நடக்கும்போதே பிடிச்சுக்கோ.”

ஆறு பாட்டில்கள். ஒவ்வொன்றும் ஒரு லிட்டர். தண்ணீரின் அடர்த்தி என்ன என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆறு கிலோ.

“கார்ல வெச்சுக்கலாமே மேடம்?”

“கார்ல வெச்சா சுமை எப்படிப் பழகும்? யாத்திரைல பையை யாரு தூக்குவா?”

வீட்டில் வேறு மாதிரி.

“தெருமுனைக் கடைக்குப் போய் உப்பு வாங்கிட்டு வாடின்னா தலைவலிம்பே,” என்றாள் அம்மா. “மேடத்துக்கு நூத்தி நாப்பது கிலோமீட்டரா? நான் பித்தப்பைல கல்லோட கிடந்தேனே, எனக்கு எத்தனை கிலோமீட்டர் வேண்டிக்கிட்டே?”

“அம்மா...”

“கேக்குறேன். ஒண்ணு? ரெண்டு?”

“உனக்கும் சேர்த்துத்தாம்மா நடக்குறேன்.”

அம்மாவின் முகம் மாறியது. அன்றைக்கு அவள் தட்டில் இரண்டாவது முட்டை விழுந்தது. வார முடிவுக்குள் பெரியம்மா, சித்தி, மாமா மூன்று வீட்டுக்கும் போன் போய்விட்டது. மாமா போனிலேயே தழுதழுத்தார். எட்டு வருஷமாகப் பேசாத மாமா.

எல்லாவற்றையும்கூடத் தாங்கியிருப்பாள். ஆனால் ஏழாம் வாரம், பரிசோதனைக் கூடத்தைப் பெருக்கும் வயதான அம்மா, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவள் மேசைக்கு வந்தாள். நாலாக மடித்த ஒரு தாளை நீட்டினாள்.

“பேரன் பேரு எழுதியிருக்கேம்மா. மூணு வயசாச்சு, இன்னும் பேச்சு வரல. மேல போனதும் ஒரு தடவை அவனை நினைச்சுக்கோ. நான் வேண்டினா கேக்குமோ என்னவோ. உன் மனசுக்குக் கேக்கும்.”

சின்னவள் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள். அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. மூன்று மணிக்கு எழுந்து போய் மேடத்தின் அறைக் கதவைத் தட்டினாள்.

“மேடம், அந்த வேண்டுதல் விஷயம்...”

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

“அதைப் பத்திப் பேசாதே.”

“இல்ல மேடம், நான் சொல்லியே ஆகணும். நிஜத்துல நான்...”

“வேண்டாம்னு சொல்றேன்ல!” மேடத்தின் கை நெஞ்சுக்குப் போனது. “நீ எதுவும் சொல்லக் கூடாது. நடந்தா போதும். உனக்கு என்ன வேணும்? லீவு வேணுமா? ஷூ வேணுமா?”

ஆபரேஷன் ஆன நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம் என்ன சொல்வது? மறுநாள் புது ஷூ வந்தது. விலை உயர்ந்த ஷூ. கொப்புளம் அதனால் வந்ததுதான். அன்று முதல் ஒவ்வொரு நடைக்குப் பிறகும் மேடமே அவள் காலைத் தன் மடிமேல் இழுத்து வைத்து மருந்து போட்டார்.

“மேடம், ப்ளீஸ், நீங்க போய் என் காலை...”

“சும்மா இரு. இது நான் செய்ய வேண்டியது.”

அந்த நேரங்களில் மேடம் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. சின்னவளும் மேடத்தின் முகத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு பேரும் கொப்புளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்றைக்குப் பத்தாம் வாரம். இருபத்தைந்து கிலோமீட்டர். அடுத்த வாரம் யாத்திரை.

சைக்கிள்காரரைத் தாண்டி இன்னும் ஒன்பது கிலோமீட்டர் நடந்தாள். நான்கு கிணறுகளில் தண்ணீர் பிடித்தாள். பதினெட்டாவது கிலோமீட்டரில் சின்னதாக ஒரு பாலம் இருந்தது. அதன் கைப்பிடிச் சுவரைப் பார்த்ததும் கால் தானாக நின்றுவிட்டது. கார் நின்றது. கண்ணாடி இறங்கவில்லை. மேடம் மாத்திரை போட்டுக்கொண்டு பின் சீட்டில் தூங்கிப்போயிருந்தார்.

அவள் சுவர்மேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். வெள்ளை சாக்ஸில் காலணா அளவுக்குச் சிவப்பு.

முன்கதவு திறந்தது. மேடத்தின் கணவர் இறங்கி வந்தார். பத்து வாரத்தில் அவர் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி அவள் பார்த்ததில்லை. அவர் எழுந்து நின்றுகூடப் பார்த்ததில்லை. ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி நீட்டினார்.

“குடிம்மா.”

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“சார், நான் வேண்டிக்கவே இல்ல.”

அவர் ஃபிளாஸ்க்கின் தக்கையை அழுத்தி மூடினார்.

“ஆஸ்பத்திரிக்குக் கையை வீசிட்டு வந்துட்டேன் சார். எல்லாரும் என் கையையே பார்த்தாங்க. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அப்புறம் மேடம் அழுதாங்க. அம்மாவுக்கும் பொய் சொன்னேன். பெருக்குற அம்மா பேரன் பேரை எழுதிக் கொடுத்திருக்காங்க, அதைப் பர்ஸ்ல வெச்சுக்கிட்டுத் திரியறேன். ரோட்டுல போறவங்க சைக்கிளை விட்டு இறங்குறாங்க சார். கேவலமா இருக்கு.”

அவள் இன்னும் டீயைக் குடிக்கவில்லை. அவர் மூடியை வாங்கிச் சுவர்மேல் வைத்தார்.

“நடக்க முடியாம சொல்லல சார். கால் போனாப் போகுது. உயிர் பிழைச்சு வந்தவங்களைப் பத்து வாரமா ஏமாத்திட்டிருக்கேன். மேடம் எழுந்ததும் சொல்லிடப் போறேன். வேலையை விட்டு எடுத்தாலும் பரவாயில்ல.”

அவர் திரும்பிக் காரைப் பார்த்தார். மேடத்தின் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. அவர் மெதுவாகப் போய், திறந்திருந்த முன்கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

“சொல்லிடாதேம்மா.”

“இன்னும் எப்படி சார் மறைக்கிறது? மேடம் என் காலுக்கு மருந்து போடும்போது எனக்கு உடம்பே கூசுது.”

“அவளுக்கும் கூசத்தான் செய்யுது.”

“மேடத்துக்கா? அவங்க எதுக்கு சார் கூசணும்?”

அவர் காரை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பிழைச்சா மலைக்கு நடந்து வரேன்னு வேண்டிக்கிட்டதே அவதாம்மா, நீ வந்து சொன்னதும், கடவுளே ஆளை மாத்திட்டார்னு அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்கினா.”