ஸ்பானர் அண்ணை இருந்து பார்த்த செற்றி

திருகோணமலையில் ஸ்பானர் அண்ணை உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர் எவரும் உயிரோடு இல்லை. உயிரோடு இருப்பவர்கள் பார்த்ததில்லை. நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் துறைமுகப் பக்கம் போய் எந்த மீன்காரரிடமும் கேட்டுப் பார்க்கலாம். பிறந்தபோதே நின்றபடிதான் பிறந்திருப்பார் என்று அவர்களே சத்தியம் செய்வார்கள்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருக்கிறது. அது வாக்காளர் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி ஊருக்கெல்லாம் அவர் ஸ்பானர் அண்ணைதான். படகு எஞ்சின் திருத்துவது தொழில். கடலோரத்தில் அவருடைய தகரக் கொட்டிலில் இருப்பது ஒரே ஒரு வாங்குப் பலகை. அதில் எப்போதும் யாருடையதோ ஒரு எஞ்சின் சாய்ந்திருக்கும். பக்கத்தில் அண்ணை நிற்பார்.

எங்கள் வீடு கொட்டிலுக்குப் பின்னால் இரண்டாவது ஒழுங்கையில். பதினாறு வருடங்களாக மாலை ஐந்தரைக்கு அண்ணை வந்து எங்கள் வாசற்படியில் நிற்பார். கதவு நிலையில் சாயமாட்டார். தேத்தண்ணிக் கோப்பையை விளிம்பில் இரண்டு விரலால் மட்டும் பிடிப்பார். ஒரு மணித்தியாலம் கதைப்பார். உலகத்தில் உள்ள எல்லாமே அவருக்கு ஏதோ ஒரு வகை எஞ்சின். என் குறட்டையைப் பற்றி என் மனைவி சுகந்தி முறைப்பாடு செய்தபோது, "எண்ணெய் போகுது தங்கச்சி, காத்துத்தான் போகேல்லை. ஆளைக் கொஞ்சம் சரிச்சுப் படுக்க வையுங்கோ," என்றார். சரித்துப் படுக்க வைத்தாள். குறட்டை நின்றது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டொக்டருக்கு இரண்டாம் இடம்தான்.

"உள்ளுக்கு வந்து இருங்கோவன் அண்ணை," என்று சுகந்தி சொல்லாத நாளில்லை. அவரிடம் நாளுக்கொரு பதில் தயாராக இருக்கும். "இப்பதான் இருந்திட்டு வாறன்." "இருந்தா முழங்கால் பூட்டிக்கொள்ளும்." "இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை, நான் இருக்கிறேல்லை." புதன்கிழமைக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது.

தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம். திருத்திய எஞ்சினை அப்படியே கையில் கொடுக்கமாட்டார். படகில் பூட்டி, ஆட்களையும் வலையையும் ஏற்றி, தானும் ஏறிக் கடலில் ஓட்டிப் பார்ப்பார். "பாரம் ஏத்திப் பாக்காம வேலை முடிஞ்சுது எண்டு சொல்ல ஏலாது," என்பார். மழைக்காலத்தில் படகு தென்னை உயரத்துக்கு எழும்பி விழும்போதும் அண்ணை எதையும் பிடிக்காமல் நடுவில் நின்றுகொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்பாராம். படகுக்காரர் ஒருவர் பயந்துபோய், "அண்ணை, கும்பிட்டுக் கேக்கிறன், இருங்கோ," என்றாராம். "நான் இருந்தா படகு ஒரு பக்கம் சரியும்," என்று பதில் வந்ததாம். அண்ணையின் எடையை இரண்டு நல்ல பாரை மீன்களோடு தராசில் வைத்தால் மீன் பக்கம்தான் இறங்கும்.

ஏன் இப்படி என்று ஒரு மழைநாளில் கேட்டுவிட்டேன். கொட்டிலில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒரு கலியாண வீட்டில வெள்ளைத் துணி போட்ட கதிரை தம்பி. மூண்டு தரம் சவுக்காரம் போட்டுக் குளிச்சிட்டுத்தான் போனனான். எழும்பினாப் பிறகு பாத்தா, கறுப்பா ஒரு எண்ணெய் அடையாளம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா பந்தி முடியுமட்டும் அந்தக் கதிரையில வேற ஒருத்தரும் இருக்கேல்லை." அதைச் சொல்லிவிட்டு அடுத்த நிமிடமே எங்கள் அரிசிக் குக்கரில் என்ன கோளாறு என்று விசாரிக்கத் தொடங்கினார். வீட்டுக்கு வந்து சுகந்தியிடம் சொன்னேன்.

போன வருடம் அண்ணையின் கால்கள் மக்கர் பண்ணின. நரம்புகள் புடைத்து, கயிறு சுற்றியது போல் நீலமாகத் தெரிந்தன. நிற்பதைக் குறைக்காவிட்டால் படுக்க வேண்டி வரும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அண்ணை நிற்பதைக் குறைத்தார். கொட்டிலில் அல்ல, எங்கள் வீட்டில். ஒரு மணித்தியாலம் அரை மணித்தியாலமாகி, பிறகு பத்து நிமிடமாயிற்று. பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் வந்தார். ஒருநாள் சுகந்தி தேத்தண்ணியோடு வந்தபோது வாசலில் ஆள் இல்லை. அந்தத் தேத்தண்ணியை நான் குடித்தேன். சீனி கூடியிருந்தது, அண்ணைக்கென்று போட்டது. ஐந்தரை மணி என்பது இவ்வளவு நீளமானது என்று எனக்கு அதுவரை தெரியாது.

இந்த நேரத்தில்தான் எங்கள் பிரம்புக் கதிரைகளில் ஒன்று என்னோடு சேர்ந்து தரைக்கு இறங்கியது. செற்றி, அதாவது சோபா, வாங்கச் சுகந்திக்கு அதுவே போதும். இரண்டு வருடங்களாக அவள் கைபேசியில் சோபாப் படங்கள் சேர்த்து வைத்திருந்தாள். எல்லாம் எல் வடிவம், துண்டு துண்டாகப் பிரித்துப் பூட்டக்கூடியவை, எல்லாம் ஒரே நிறம். அதை நான் பால் நிறம் என்பேன், அவள் "கிறீம்" என்று திருத்துவாள். சுவருக்கும் ஒத்துவரும், திரைச்சீலைக்கும் ஒத்துவரும், கண்ணையும் குத்தாது என்பது அவள் வாதம். எனக்குக் கண்ணைப் பற்றிக் கவலை இல்லை, முதுகு புதைந்தால் போதும்.

"இவருக்குச் சாமான் பாக்கத் தெரியாது, நீங்களும் வாங்கோ அண்ணை," என்று சுகந்தி கூப்பிட்டாள். ஆட்டோவிலாவது உட்காருவார் என்று நான் ஆவலோடு பார்த்தேன். அவர் நடந்தே வந்து எங்களுக்கு முன்பே கடை வாசலில் நின்றார்.

நாற்பது பேர் உட்காரக்கூடிய கடை. நடுவில் அண்ணை மட்டும் நின்றார். "இருந்து பாருங்கோ ஐயா," என்றார் முதலாளி.

"இருந்து பாக்க இவை ரெண்டு பேரும் வந்திருக்கினம். நான் அடியைப் பாக்கிறன்," என்று சொல்லிவிட்டு, அண்ணை தரையில் மல்லாந்து படுத்து ஒரு சோபாவின் கீழே புகுந்தார். உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. "இது பலகை இல்லை, மரத்தூள் அமத்தினது," என்று குரல் வந்தது. இன்னொரு சோபாவின் கீழிருந்து, "ஸ்பிரிங் ஒண்டு குறையுது," என்றது. கடைக்கு வந்திருந்த ஒரு குடும்பம், குரல் வந்த சோபாவில் இருந்து எழும்பி வெளியே போய்விட்டது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

ஐந்தாவது சோபாவின் கீழே நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, "இதை எடுக்கலாம்," என்று தீர்ப்பு வந்தது. உட்கார்ந்தேன். முதுகு புதைந்தது. நல்ல முதிரை மரச் சட்டம், எல் வடிவம், மூலைத் துண்டு தனியாகக் கழலும்.

"இதில கிறீம் நிறம் இருக்கு மிஸ்," என்று முதலாளி துணி மாதிரிப் புத்தகத்தை விரித்தார். சுகந்தி இரண்டு வருடமாகத் தேடிய நிறம். அண்ணை எட்டிப் பார்த்தார். "நல்ல நிறம் தங்கச்சி, வீட்டுக்கு வெளிச்சமா இருக்கும்," என்றார். சொல்லிக்கொண்டே இரண்டு அடி பின்னால் போனார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். சுகந்தியும் பார்த்தாள்.

"அண்ணை, அந்தத் துணியை ஒருக்காத் தாங்கோ," என்றாள்.

அண்ணையின் தோளில் எப்போதும் கிடக்கும் எண்ணெய்த் துணியைத்தான் கேட்டாள். அவர் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். அவள் அதை வாங்கிக் கிறீம் நிறத்தின் மேல் வைத்தாள். பக்கத்தைத் திருப்பி மணல் நிறத்தின் மேல் வைத்தாள். முதலாளி, "மிஸ், மிஸ்," என்று பதறினார். அவள் நிறுத்தவில்லை. கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில், ஈரச் சாம்பல் மாதிரி ஒரு நிறத்தில், துணி எங்கே முடிகிறது, புத்தகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. "இதுதான்," என்றாள்.

"என்ன தங்கச்சி இது, மழை இருட்டு மாதிரி," என்றார் அண்ணை.

"எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு," என்றாள் என் மனைவி. கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் அவள் சொன்ன அழகான பொய் அது. அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த அன்பை இங்கே எழுதினால் அவள் திட்டுவாள், எழுதிவிட்டேன்.

சோபா வந்த நாளில் அண்ணையே துண்டு துண்டாக உள்ளே எடுத்துப் பூட்டினார். கடைசித் திருகாணியை இறுக்கிவிட்டு, கைகளைத் துடைத்து, வாசற்படிக்குப் போய் நின்றார். "வேலை முடிஞ்சுது."

"எப்பிடி முடிஞ்சுது?" என்றாள் சுகந்தி. "மூலைத் துண்டுக்குப் பாரம் ஏத்திப் பாக்கேல்லையே."

அண்ணை என்னைப் பார்த்தார். "தம்பி இருந்து பாக்கட்டும்."

"பூட்டினவர்தானே பாக்க வேணும். படகில ஆரை ஏத்திறனீங்கள்?"

தன் சொந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்ட மனிதனை அன்றுதான் பார்த்தேன். அவர் மெல்ல உள்ளே வந்தார். மூலைத் துண்டின் விளிம்பில், நான்கு விரல் அகலத்தில், இரண்டு கால்களிலும் பாரத்தை வைத்தபடி உட்கார்ந்தார். எண்ணிப் பத்து வினாடி. எழும்பித் திரும்பிக் குனிந்தார். சட்டைப் பையில் இருந்த சின்ன டோர்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. கையால் தடவிப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துணியை எடுத்துப் பார்த்தார். சோபாவைப் பார்த்தார்.

"தங்கச்சி," என்றார். "இதுக்குத்தானோ அண்டைக்குத் துணியைக் கேட்டனீங்கள்?"

"எதுக்கு? எனக்குத் தேத்தண்ணி கொதிக்குது," என்று சுகந்தி குசினிக்குள் போய்விட்டாள். அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.

அண்ணை திரும்பவும் உட்கார்ந்தார். இந்த முறை பின்னால் சாய்ந்து, முதுகு புதைய, கால்களை நீட்டி. கண்ணைக் கொஞ்ச நேரம் மூடியிருந்தார். "ஆடேல்லை," என்றார் கடைசியில். குரல் கொஞ்சம் ஆடியது.

இப்போது ஐந்தரைக்கு அண்ணை தவறாமல் வருகிறார். ஒரு மணித்தியாலம் ஒன்றரை ஆகிவிட்டது. வெயில் சரிந்து யன்னலால் விழும்போது மட்டும் மூலைத் துண்டில் ஒரு கறுப்பு வட்டம் தெரியும். அதைத் துடைக்கப் போய் நான் ஒருமுறை சுகந்தியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த மூலையில் போய் உட்காரப் பார்த்தால் சுகந்தி விடமாட்டாள்.

"அங்கால இருங்கோ," என்பாள். "அது அண்ணையின்ர இடம்."