தலைகீழாக இறங்கிய நீலம்

சாயம் சார் இருந்தவரை ஆரணியில் யாரும் 'நீலம்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக நகர்ந்ததில்லை. "எந்த நீலம்?" என்பார். சட்டைப் பையிலிருந்து பட்டு நூல் கற்றை வெளியே வரும். எங்கள் பட்டுக் கூட்டுறவு சங்கத்தில் சாயத்துக்கு அவர் பொறுப்பு, நான் குமாஸ்தா. முகூர்த்தப் புடவையைப் பார்த்து "சாயத்துல ஒரு முக்கு கம்மி" என்று சொல்லிவிட்டு அதே கல்யாணத்தில் பந்திக்கு உட்காரக்கூடியவர்.

எழுபதுகளின் கடைசியில் படவேடு கோயிலுக்குப் போனவர், ஒரு குருவியோடு திரும்பினார். கையில் அல்ல, பேச்சில்.

"சிட்டுக்குருவி அளவுதான். முதுகு நீலம், நெத்தி கறுப்பு, மூக்கு பவழம். மரத்துல தலைகீழா இறங்கி, பட்டையைக் கிளறிப் பூச்சி தின்னுதுப்பா."

மேனேஜர் கோப்பிலிருந்து நிமிரவில்லை. "தலைகீழா நடந்தா, தின்ன பூச்சி வெளிய வந்துடாதா?"

அன்றிலிருந்து இரண்டு வருஷம், சங்கத்தில் மைக்கூடு கவிழ்ந்தாலும் "சார் குருவி இறங்குது" என்றார்கள்.

அவர் சென்னையில் ஒரு பறவைப் பேராசிரியருக்கு எழுதினார். போட்டோவுக்குப் பதில், குருவியின் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நூல் ஒட்டி அனுப்பினார். பதில் வந்தது: "மரங்கொத்தி மேலேதான் ஏறும், தலைகீழாக இறங்கும் இனம் வேறு. அந்தப் பக்கத்திலிருந்து யாரும் எனக்கு எழுதியதில்லை. இன்னொருவரும் பார்த்துக் கையெழுத்திட்டால் என் பறவைக் குறிப்பில் சேர்க்கிறேன்."

அந்த இன்னொருவர் நான். வேறு யாரும் வரச் சம்மதிக்கவில்லை.

ஞாயிறு, படவேட்டுக்கு முதல் பஸ். எனக்குக் கிட்டப்பார்வை. பெண் பார்த்துக்கொண்டிருந்த காலம் என்பதால் கண்ணாடி வீட்டுப் பெட்டியில் இருந்தது. மரத்தடியில் மூன்று மணி நேரம் கழித்து என் தோளை அழுத்தினார்.

"அதோ இறங்குது. பாத்துகினே இரு."

அடிமரத்தில் ஏதோ அசைந்தது. அணிலாகவும் இருக்கலாம்.

"பாத்தியா?"

"நல்லா பாத்தேன் சார்."

கற்றை வெளியே வந்தது. அதில் பதினோரு நீலம். "எந்த நீலம்?"

குத்துமதிப்பாக மயில் கழுத்து நிற நூலைத் தொட்டேன்.

என் கையெழுத்துக்காக எழுதி வைத்திருந்த தாளை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். கோபமில்லை. "கேலி பண்றவன் பண்ணிகினு போறான். பாக்காதவன் கையெழுத்துல என் குருவி போய் உக்கார வேணாம்பா."

அடுத்த ஞாயிறு நானே அவரைக் கூப்பிட்டேன், கண்ணாடியோடு. வந்தது. அவர் சொன்னபடியே தலை கீழே, வால் மேலே, பட்டை இடுக்கில் எதையோ இழுத்துத் தின்றபடி. அவர் கேட்பதற்கு முன்பே ஒரு நூலைத் தொட்டேன். தாளைப் பிரித்துக் கொடுத்தார், கையெழுத்திட்டேன். பிறகு அந்த நூலை உருவி என் கண்ணாடிக் காம்பில் முடிச்சுப் போட்டார்.

"இதை மாட்டிகினே போய் பொண்ணு பாரு."

பேராசிரியர் சேர்த்துக்கொண்டார், மேனேஜர் கடைசிவரை சேர்த்துக்கொள்ளவில்லை. அச்சான குறிப்பில் குருவியின் லத்தீன் பெயரும் இருந்தது. அதில் நிறமே இல்லை என்று சார் அதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

நான் இதுவரை ஏழு கண்ணாடி மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் கடைக்காரர், "இந்தப் பழைய நூலை எடுத்துடலாங்களா?" என்கிறார். அவரைத் தொடவிடாமல், நானே அவிழ்த்துப் புதியதில் கட்டிக்கொள்கிறேன்.